கொடிக்கம்பத்தைச் சுற்றி

தீ பிடித்துவிட்டது என்றுதான் தச்சு மேஸ்திரியான உஸ்தா ஷவ்கி நினைத்தார். மணி அப்படி அலறியது. மனைவி இன்ஸாஃப் படுத்திருந்த கட்டிலை ஒரு கையாலும், அவளுக்கு ஏறிக்கொண்டிருந்த சொட்டு மருந்தின் கம்பியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஓடுங்க! எல்லாரும் வெளியே ஓடுங்க!" என்று கத்தினார்.

யாரும் ஓடவில்லை. ஆனால் எல்லாரும் கிளம்பினார்கள். அவசர சிகிச்சைப் பிரிவின் இருபத்திரண்டு கட்டில்களும் சக்கரங்கள் கிறீச்சிட, பின்வாசலைப் பார்த்து வரிசையாக நகர்ந்தன. நடக்கக்கூடிய நோயாளிகள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமல், குடித்துக்கொண்டே நடந்தார்.

"கத்தாதீங்க உஸ்தா. ரெண்டு மணி ஷிப்டு மாறுது. சுத்திட்டு வரணும், அவ்வளவுதான்" என்றது பக்கத்துக் கட்டில்.

குரலைக் கேட்ட பிறகுதான் ஷவ்கிக்கு ஆள் யாரென்று தெரிந்தது. ஹாஜி ஹிக்மத். எகிப்தின் தும்யாத் நகரில் மரச்சாமான் கடைகள் நெருக்கியடிக்கும் தெருவில் ஷவ்கியின் பட்டறைக்கு எதிரே பெரிய கடை வைத்திருப்பவர். பதினோரு நாளாக அவரைக் கடையில் காணவில்லை. கெய்ரோவில் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று தெருவில் பேச்சு.

"ஹாஜி! நீங்க இங்கயா இருக்கீங்க?"

"வயித்து வலி. பதினோரு நாளா வலிக்குது. ஆனா இவங்க காகிதப்படி இன்னும் பத்து நிமிஷத்துலதான் வலிக்கவே ஆரம்பிக்கும். வாங்க, வரிசை விட்டுப் போயிடும்."

ஷவ்கி கட்டிலைத் தள்ளத் தொடங்கினார். அரை மணி நேரத்துக்கு முன்னால், தாழ்வாரத்தின் கோடியில் நின்று, வாழ்நாளில் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவர் ஒரு டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தார். ஹாஜியின் காதில் அது விழுந்திருக்குமோ?

விஷயம் இதுதான்.

ஷவ்கியின் கையில் அளவு நாடாவைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பலகையை ஒரு பார்வை பார்ப்பார். "நூத்தி எண்பத்திரண்டு" என்பார். அளந்து பார்த்தால் நூற்று எண்பத்திரண்டுதான் இருக்கும். மீட்டர் ஷவ்கி என்றே அவருக்குப் பெயர். ஆனால் இரண்டு வருஷமாக இரண்டு கண்ணிலும் பால் ஊற்றியதுபோல் ஒரு படலம். யாரும் பார்க்காதபோது சாணும் முழமுமாகத் தடவித் தடவி அளந்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். மனைவிக்குக்கூடத் தெரியாது என்று நம்பினார்.

இன்ஸாஃபுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்பவள், போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து காலை ஊசி ஷவ்கியின் பொறுப்பு. ஊசிக்குழலின் எண்கள் அவருக்கு எறும்பு வரிசைபோல் தெரிந்தன. அதனால் என்ன? மருந்து எவ்வளவு தூரம் ஏற வேண்டும் என்பதை நீளமாகக் கட்டைவிரலில் பிடித்து வைத்துக்கொண்டார். நேற்றோடு பழைய குழல்கள் தீர்ந்தன. மருந்துக் கடைக்காரன் வேறு மாதிரிக் குழல் கொடுத்தான். இன்று காலை ஏழரைக்கு அதே நீளத்துக்கு மருந்தை ஏற்றிப் போட்டார். பதினோரு மணிக்கு இன்ஸாஃப் சமையலறையில் சரிந்தாள்.

டாக்டர் மேய்ஸா காலை ஷிப்டு. சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே கருவளையம். சர்க்கரையை ஏற்றி இன்ஸாஃபைக் கண் திறக்க வைத்துவிட்டு, ஷவ்கியைத் தனியாகக் கூப்பிட்டு மூன்று தடவை கேட்டாள். இரண்டு தடவை அவர் மழுப்பினார். மூன்றாம் தடவை அவள் கையில் இருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "உங்க மேல கோபம் இல்லை மாமா. எனக்கு அளவு தெரியணும், அவ்வளவுதான்" என்றாள். ஷவ்கி அவளுடைய ஷூவைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டார். எண் தெரியவில்லை. இரண்டு வருஷமாகவே தெரியவில்லை.

அவள் திட்டவில்லை. உள்ளே போய்ப் பழைய மாதிரிக் குழல் ஒன்றும் புது மாதிரி ஒன்றும் கொண்டுவந்து அவர் விரலில் வைத்தாள். "தொட்டுப் பாருங்க."

விரல் தொட்டதுமே புரிந்தது. நீளம் அதேதான். குழல் தடிமன்.

"முப்பது போட வேண்டிய இடத்துல அறுபது போட்டிருக்கீங்க. அது நாள் முழுக்க வேலை செய்யிற மருந்து. இப்ப கண் முழிச்சுட்டாங்கன்னு விட்டுடக் கூடாது, சர்க்கரை மறுபடி மறுபடி இறங்கும். நாளைக் காலை வரைக்கும் சொட்டு நிக்கக் கூடாது, மணிக்கு ஒரு தடவை விரல்ல குத்திப் பார்க்கணும். எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன், கவலைப்படாதீங்க."

ஷவ்கிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு மனைவியின் கட்டிலுக்குத் திரும்பி உட்கார்ந்தவர், அரை மணி கழித்துத்தான் அந்த மணியைக் கேட்டார்.

பின்வாசலுக்கு வெளியே ஒரு முற்றம். நடுவில் கொடிக்கம்பம். இருபத்திரண்டு கட்டில்களும் அதை வலமாக ஒரு சுற்றுச் சுற்றி, பக்கச் சந்து வழியாக முன்வாசலுக்குப் போய், டிக்கெட் ஜன்னலில் நின்றன. கால் உடைந்த ஒருவர் கம்பத்துக்கு இந்தப் பக்கமாகவே குறுக்கே புகுந்துவிடப் பார்த்தார். காவல்காரன் ஊதலை ஊதினான். "முழுசாச் சுத்தணும்! குறுக்கே போனா பழைய நோயாளியாத்தான் இருப்பீங்க!"

"எதுக்கு ஹாஜி இதெல்லாம்?"

"மேலிடத்து உத்தரவு உஸ்தா. எந்த நோயாளியும் அவசரப் பிரிவுல ஒரு ஷிப்டுக்கு மேல இருக்கக் கூடாது. நம்ம இயக்குநர் யோசிச்சார். மணி அடிச்சதும் எல்லாரையும் காகிதத்துல வீட்டுக்கு அனுப்பிடறது, பத்து நிமிஷம் கழிச்சு எல்லாரும் புதுசா வந்து சேர்றது. நான் முப்பத்திரண்டு தடவை வீட்டுக்குப் போயிருக்கேன். என் பொண்டாட்டிக்கு ஒரு தடவைகூடத் தெரியல."

"வயித்துக்கு என்ன மருந்து குடுத்தாங்க?"

"முதல் கட்ட மருந்து. அது ஆறு மணி நேரத்துல கேக்கலைன்னா ரெண்டாம் கட்டம். அஞ்சே முக்கால் மணி நேரம் ஆனதும் மணி அடிச்சிடறாங்க. ராத்திரி ஷிப்டுதான் நீளம், அப்ப டாக்டரை எழுப்ப முடியாது."

வாசலில் ஒரு பெண் பச்சைப் பட்டை போட்ட சொட்டுக் கம்பிகளை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். இன்ஸாஃபின் கையிலிருந்த குழாயையும் கழற்றினாள்.

"அம்மா, பாட்டில்ல பாதி இருக்கே!"

"பச்சை காலை ஷிப்டு சாமான். சாயங்காலம் மஞ்சள். ஒருத்தர் சாமானை ஒருத்தர் தொட்டா எனக்குத்தான் விளக்கக் கடிதம்."

அப்போது வெளிக்கேட்டில் ஒரு வெள்ளை அங்கி கைப்பைக்குள் போவது ஷவ்கிக்கு மங்கலாகத் தெரிந்தது. ஓடினார்.

"டாக்டரம்மா! பாட்டிலைக் கழட்டிட்டாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. எழுதி வச்சிருக்கேன்னு சொன்னீங்களே!"

மேய்ஸா அவரைப் பார்க்கவில்லை. கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள். "எழுதினேன். ஆனா அது மூடின கோப்பு மாமா. அடுத்த ஷிப்டு அதைத் திறக்கக் கூடாது. போன மாசம் ஒரு நோயாளியை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டேன். 'முன்பரிச்சயம்'னு எழுதி விசாரணை வச்சாங்க." அவள் காது சிவந்திருந்தது. "நீங்களே சொல்லிடுங்க. என்கிட்டச் சொன்ன மாதிரியே, ஒண்ணு விடாம."

"உங்ககிட்டச் சொல்லவே எனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு டாக்டரம்மா."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மினி பஸ் வந்துவிட்டது.

டிக்கெட் ஜன்னலில் குமாஸ்தா தலை நிமிரவில்லை. "பேரு? வயசு? வந்த காரணம்?"

"உள்ளேதான் இருந்தோம்."

"இருந்தது போன ஷிப்டு. இப்ப வந்த காரணம்?"

பின்னால் ஹாஜி ஹிக்மத் நின்றார். அவருக்குப் பின்னால் பதினைந்து பேர். கட்டிலில் இன்ஸாஃப் கண்ணைத் திறந்து கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மயக்கம்" என்றார் ஷவ்கி.

சாயங்கால ஷிப்டு டாக்டர் பஹ்கத் குண்டான, கலகலப்பான மனிதர். "சொல்லுங்க, ஒரே வரியில. எனக்குப் பிடிச்ச நோயாளி யாருன்னா ஒரே வரியில பேசறவர்."

"டாக்டர்... கொஞ்சம் தனியாப் பேசணும்."

"தனியாவா? இங்க சுவரே கிடையாது, திரைதான் இருக்கு. அதுவும் துவைக்கப் போயிருக்கு. இங்கேயே சொல்லுங்க."

ஹாஜி பக்கத்துக் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "டாக்டர், இவர் யாருன்னு தெரியுமா? மீட்டர் ஷவ்கி! நாடாவே தொட மாட்டார். கண்ணு இல்லை அது, அளவுகோல். என் கடையில இருக்கிற அலமாரி எல்லாம் இவர் கண்ணு அளந்ததுதான்."

எட்டு பேர் ஷவ்கியின் கண்ணைப் பார்த்தார்கள். அவர் அதைக் கீழே தாழ்த்திக்கொண்டார்.

"காலையில சரியாச் சாப்பிடலை டாக்டர். மயங்கிட்டா."

"அவ்வளவுதானா! பாருங்க, எவ்வளவு அழகா ஒரே வரி." பஹ்கத் எழுதினார். "பழச்சாறு, ரெண்டு பிஸ்கட். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாம்."

ஷவ்கி பழச்சாறு வாங்கப் போனார். வழி நெடுக, திரும்பிப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். திரும்பி வந்தபோது பஹ்கத் ஏழாவது கட்டிலுக்குப் போய்விட்டார். கூப்பிடலாம். வாயைத் திறந்தார். ஹாஜி அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். வாயை மூடிக்கொண்டார்.

நாலு மணிக்கு இயக்குநர் வந்தார். டாக்டர் மம்தூஹ். கூடவே மேலிடத்துக் குழு, ஐந்து பேர். ஆளுக்கு ஒரு பெட்டி முஷப்பக் கையில். தும்யாத்துக்கு வந்தவர்கள் பாகு சொட்டும் அந்த முறுக்கு இனிப்பு இல்லாமல் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. நோயாளிகளுக்கும் கட்டிலுக்கு ஒன்று கொடுத்தார்கள், படம் எடுக்க.

இயக்குநர் கட்டில்களுக்கு நடுவில் நின்று பேசினார்.

"முன்னாடியெல்லாம் இங்க ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நோயாளி, 'என் டாக்டர் எங்கே'ன்னு கேப்பார். டாக்டரும் ராத்திரி வீட்டுலேர்ந்து போன் பண்ணி, 'என் நோயாளி எப்படி இருக்கார்'னு விசாரிப்பார். என்னங்க இது, கல்யாண சம்பந்தமா? உறவுன்னு வந்துட்டா ஞாபகம் வருது. ஞாபகம் வந்தா, 'நேத்தும் இப்படித்தானே இருந்தீங்க'ன்னு ஒரு பேச்சு வருது. நேத்துன்னு ஒண்ணு வந்தா, என் புள்ளிவிவர வரைபடம் கெட்டுப் போகுது! அதனால உறவை வேரோட பிடுங்கிட்டோம். ரெண்டு வருஷமா இந்தப் பிரிவுல பழைய நோயாளி ஒருத்தர்கூடக் கிடையாது. எல்லாரும் காலையில சுட்ட ரொட்டி மாதிரி, புதுசு."

குழுவில் ஒருவர், "குணமாகிப் போறவங்க எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"போறவங்களை நாங்க எண்றதில்லை ஐயா. எங்க இலக்கு வரவேற்பு."

"மணி அடிச்சு வெளியே இருக்கிற நேரத்துல யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?"

இயக்குநர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் மலர்ந்தார். "முற்றம் எங்களுக்குக் கீழ வராது. அது தோட்டப் பராமரிப்பு."

குழு குறித்துக்கொண்டது. இயக்குநரின் கண் ஷவ்கி மேல் விழுந்தது. "ஐயா, நீங்க சொல்லுங்க. வந்து எவ்வளவு நேரமாச்சு?"

காலை பதினொன்றரையிலிருந்து இருக்கிறோம், என் மனைவிக்கு ஏறிக்கொண்டிருந்த பாட்டிலைப் பிடுங்கிவிட்டார்கள், நான் அறுபது போட்டுவிட்டேன். எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. ஐந்து பெட்டி முஷப்பக்கும் அவரைப் பார்த்து நின்றன.

"ரெண்டு மணி நேரம்" என்றார் ஷவ்கி.

கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள் ஹாஜி குறுக்கே புகுந்து, இவர் சாதாரண ஆள் இல்லை, மீட்டர் ஷவ்கி என்று முழுக் கதையையும் சொன்னார். இயக்குநருக்குக் குஷி தாங்கவில்லை. "அப்படியா! நாளைக் காலையில அந்தச் சுவர்ல ஒரு பதாகை கட்டணும். எவ்வளவு நீளம் வரும், பார்த்துச் சொல்லுங்க உஸ்தா!"

எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். ஷவ்கி சுவரைப் பார்த்தார். வெள்ளையாக ஏதோ ஒன்று எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ முடிந்தது.

"அஞ்சு மீட்டர் நாப்பது."

"எழுதிக்கோ" என்றார் இயக்குநர் உதவியாளரிடம்.

இன்ஸாஃப் கட்டுப்போட்ட கையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

ஐந்தரை மணிக்கு அவள் கை மறுபடி சில்லிட்டது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கோத்தது. "நிஹால் அப்பா, அடுப்புல பால் இருக்கு, பூனை வந்துடும்" என்றாள். மகள் நிஹால் கல்யாணமாகிப் போன பிறகு அவர்கள் பூனை வளர்க்கவில்லை.

"டாக்டர்! டாக்டர்!"

பஹ்கத் மூன்றாவது கட்டிலில் ஒருவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். "பிஸ்கட் குடுங்க, வர்றேன்!"

ஹாஜிதான் கட்டிலைவிட்டுக் குதித்தார். முஷப்பக்கை உடைத்து, ஒழுகிய பாகை விரலில் வழித்து, "அல்லாஹ் பேரைச் சொல்லு தாயே, வாயைத் திற" என்று இன்ஸாஃபின் ஈறில் தடவினார். மறுபடி வழித்தார். மறுபடி தடவினார். கால் மணி நேரம் கழித்து இன்ஸாஃப், "ஏன் என் வாயெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு?" என்றாள்.

"நல்லாச் சாப்பிட்டவங்களுக்கு எப்படி உஸ்தா மறுபடி இறங்குது?" என்றார் ஹாஜி, விரலை நக்கிக்கொண்டே.

ஷவ்கி முஷப்பக் பெட்டியை மூடினார், திறந்தார், மூடினார்.

அதன் பிறகும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அவருக்குத் துணிச்சல் வரவில்லை. பஹ்கத் வந்து பார்த்தார். ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவதை மட்டும் தள்ளிப்போட்டார். சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "வீட்டுல ஏதாவது மருந்து கூடுதலாப் போயிருக்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்கவும் செய்தார். "கொஞ்சம் இருக்கலாம்" என்றார் ஷவ்கி. "கொஞ்சம்னா பரவாயில்ல" என்றார் பஹ்கத். ஏழே முக்காலுக்கு ஷவ்கி எழுந்து அவரிடம் போனார்.

"டாக்டர், நான் பொய் சொன்னேன். உண்மை என்னன்னா..."

பஹ்கத் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். "வேண்டாம்! இப்பச் சொல்லாதீங்க! இன்னும் பத்து நிமிஷம்தான். இப்ப நான் கேட்டா அதை நான் எழுதணும், எழுதினா மருந்து மாத்தணும், மாத்தினா பாதியில விட்டுட்டுப் போன பாவம் எனக்கு. அந்த உண்மையை அப்படியே பத்திரமா வச்சிருங்க. எட்டு மணிக்கு வர்றவர்கிட்டப் புதுசா, சூடாச் சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, ஷவ்கியின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் கெட்டவன் இல்லை உஸ்தா. என் வீட்டுலயும் ஒரு சர்க்கரைக்காரி இருக்கா."

மணி அடித்தது.

முற்றத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். கட்டில்கள் கம்பத்தைச் சுற்ற ஆரம்பித்தன. பாதிச் சுற்றில் இன்ஸாஃபின் தலை ஒரு பக்கம் தொங்கியது. ஷவ்கி கூப்பிட்டார். பதில் இல்லை. கன்னத்தில் தட்டினார். பதில் இல்லை. காவல்காரன், "நிக்காதீங்க, பின்னாடி ஆள் வருது!" என்று ஊதினான்.

ஷவ்கிக்கு ஒன்று மட்டும் ஞாபகம் வந்தது. இந்த இடம் தோட்டப் பராமரிப்பு.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார். வரிசையில் இருந்த அத்தனை பேரையும் முந்திக்கொண்டு போய் டிக்கெட் ஜன்னலில் மோதினார்.

"வந்த காரணம்?"

"எனக்குக் கண்ணு தெரியல!" என்று கத்தினார் ஷவ்கி. முற்றத்திலிருந்து தெருவரை கேட்டது. "ரெண்டு வருஷமாத் தெரியல! மீட்டரும் தெரியல, ஒரு மண்ணும் தெரியல! தடவித் தடவித்தான் அளக்கறேன்! ஊசியில முப்பதுக்குப் பதிலா அறுபது போட்டுட்டேன்! மத்தியானமே ஒரு டாக்டரம்மாகிட்டச் சொன்னேன், அதை மூடி வச்சுட்டாங்க. சாயங்காலம் சொல்ல வெக்கப்பட்டேன். என் பொண்டாட்டி சாகப் போறா! கேட்டுக்குங்க, எல்லாரும் கேட்டுக்குங்க!"

எல்லாரும் கேட்டார்கள். ஹாஜி ஹிக்மத் கேட்டார். வாசலில் தேநீர் விற்பவன் கேட்டான். குமாஸ்தா நிதானமாக எழுதினான். எழுதியதைக் கிழித்து, ஷவ்கியின் மணிக்கட்டில் ஒரு பட்டையைச் சுற்றி ஒட்டினான்.

"கண் பார்வைக் குறைவு. கண் பிரிவு நாளைக்குப் பத்து மணி. கூட வந்தவங்க பேரு என்ன?" என்று கட்டிலில் கிடந்த இன்ஸாஃபைக் காட்டிக் கேட்டான்.

அடுத்த சில நிமிஷங்கள் ஷவ்கிக்குச் சரியாக நினைவில்லை. ஹாஜி ஜன்னலுக்குள் கையை விட்டுக் குமாஸ்தாவின் சட்டையைப் பிடித்ததும், எங்கிருந்தோ ஒரு நர்ஸ், சகீனா என்று பெயர், கட்டிலை உள்ளே இழுத்துக்கொண்டு போனதும் தெரியும். வாசலோரம் நின்ற ஒரு மஞ்சள் பட்டைக் கம்பியை யாரும் இன்னும் திரும்ப வாங்கியிருக்கவில்லை. அதில் ஒரு சர்க்கரை பாட்டில் மாட்டியிருந்தது. அது யார் சாமான் என்று சகீனா யாரையும் கேட்கவில்லை.

ராத்திரி டாக்டர் வந்து பார்த்து, "இது எந்த ஷிப்டு பாட்டில்?" என்றார். "எனக்குத் தெரியாது, நான் நோயாளியைத்தான் பார்த்தேன்" என்றாள் சகீனா. விடியும்வரை மணிக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பார்த்தாள். எண்ணை எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

ஷவ்கி சுவரோரமாகக் குந்தியிருந்தார். ஹாஜியின் பக்கம் திரும்பவே இல்லை. ஹாஜிதான் ஒரு தடவை பேசினார். "என் கடையில அந்த மூலை அலமாரிக் கதவு மூடாது. நான் மரம் ஊதிப் போச்சுன்னு நெனச்சேன்." பிறகு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "மரம்தான் ஊதிப் போச்சு. அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன். இனிமேலும் அப்படித்தான் சொல்வேன்" என்றார். ஷவ்கிக்கு அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

காலை எட்டுக்கு மணி அடித்தது. இன்ஸாஃப் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கொடிக்கம்பத்தைச் சுற்றி வந்தாள். உள்ளே புதுப் பதாகை கட்டியிருந்தார்கள். சுவரைவிட ஒன்றரை மீட்டர் நீளம். "இங்கே எல்லோரும் புதியவர்கள், எல்லோரும் நம்" என்பதுவரை நேராக வந்து, மிச்சம் மூலையில் மடங்கி, தீயணைப்புக் குழாயின் மேல் தொங்கியது. யாரோ சிரித்தார்கள். ஷவ்கி தரையைப் பார்த்துக்கொண்டு அதைக் கடந்தார்.

ஆனால் நாற்காலியில் இருந்தது டாக்டர் மேய்ஸா. அந்த வெள்ளை ஷூ. ஷவ்கிக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. இவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இவளுக்குத் தெரியும். உலகத்திலேயே திட்டாமல் கேட்ட ஒருத்தி.

"டாக்டரம்மா..."

மேய்ஸா டிக்கெட்டைப் பார்த்தாள். வந்த நேரம் எட்டு மணி ஏழு நிமிஷம் என்று அதில் இருந்தது. நேற்று அவள் பார்த்தது நாற்பத்தைந்து பேர். முந்தாநாள் ஐம்பது. நிமிர்ந்து ஷவ்கியைப் பார்த்தபோது அவள் முகத்தில் ஏதோ தேடுவதுபோல் ஒரு நிழல் வந்தது. இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவள் யோசிப்பது தெரிந்தது. பின்னால் சுவரோரம் காவல்காரன் நின்றிருந்தான். நிழல் போய்விட்டது.

"சொல்லுங்க. வீட்டுக்காரம்மாவுக்கு என்ன ஆச்சு? முதல்லேர்ந்து சொல்லுங்க."

ஷவ்கி வாயைத் திறந்தார். முற்றம் முழுக்கக் கேட்கக் கத்திய அதே வாய். இப்போது ஒரு சொல்லும் வரவில்லை. இவளிடம் இரண்டாம் தடவையா? முகம் எரிந்தது. மணிக்கட்டில் ஒட்டியிருந்த பட்டையைப் பிய்க்கப் பார்த்தார். அது வரவில்லை.

இன்ஸாஃப் நல்ல கையை நீட்டி அவர் விரல்களைப் பிடித்து நிறுத்தினாள்.

"முதல்லேர்ந்துன்னா நான்தான் சொல்லணும் டாக்டரம்மா. நேத்திலேர்ந்து இத்தனை பேர் வந்தாங்க, ஒருத்தரும் என்னைக் கேக்கல. ஊசியில மருந்து ரெண்டு மடங்கு ஏறினதை நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். சொன்னா இவர் கூசிப் போயிடுவாரேன்னுதான் பேசாம ஊசிக்குக் கையை நீட்டினேன்."